வாசலை உடைக்காமல்

சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் குணவதியின் தரைவீட்டுக்கு மண்ணுக்கடியில் வரும் தண்ணீர்க் குழாய் ஓட்டையாகிவிட்டது. வாசலை உடைத்து மாற்றப் பதினெட்டாயிரம் வெள்ளி கேட்டார்கள். ப்ளம்பர் வேலாயுதம் மட்டும் ஆறாயிரம் என்றார். பழைய செம்புக் குழாயின் வாலில் புதுக்குழாயைக் கட்டி, கம்பிவடத்தால் இழுத்துவிடலாமாம்.

“நடுவுல அறுந்துட்டா?”

“உடைக்கத்தான் வேணும்க்கா. பதினெட்டுதான்.”

இரு முனையிலும் சிறு குழி தோண்டி இழுக்க, பாதியில் குழாய் சிக்கிக்கொண்டது. வேலாயுதத்தின் கழுத்து நரம்பு புடைத்தது. குணவதி பாத்திரம் கழுவும் சோப்பை வாளியில் கரைத்து ஓடிவந்து குழிக்குள் ஊற்றினாள். வடத்தையும் பிடித்தாள்.

“நகருங்கக்கா, கை போயிடும் லா!”

“பன்னெண்டாயிரம் மிச்சம் தம்பி! இழு!”

பழையது வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. பின்னாலேயே, நுரை பூசிய நீலக்குழாய் மூக்கை நீட்டியது.

“வந்துட்டான்!” என்று இருவரும் கத்தியதில் பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது.