புள்ளிக்கோட்டில் ஒரு கால்

டெஸ் ஹால்வர்சனுக்கு இயந்திரப் பொறியியலில் எல்லாப் பாடமும் முடிந்துவிட்டது, ஓவியம் ஒன்றைத் தவிர. அதில் தேறாவிட்டால் பட்டம் கிடையாது. பட்டம் இல்லாவிட்டால் மில்வாக்கியில் காத்திருக்கும் வேலையும் கிடையாது. இயந்திரம் படிப்பவர்களும் படம் வரைந்தாக வேண்டும் என்று எந்தப் புண்ணியவான் விதித்தானோ, அவனைத் திட்டிக்கொண்டேதான் வகுப்புக்கு வருவாள்.

இன்று கடைசித் தேர்வு. மேடைமேல் ஒரு மர நாற்காலி. அதன்மேல் ஒருபக்கம் தரைவரை தொங்கும் போர்வை.

ஆசிரியை ஓடெட் அவள் பின்னால் வந்து நின்றார்.

“இதென்ன, புள்ளி புள்ளியா?”

“நாலாவது கால், ஓடெட். போர்வை மறைக்குது. மறைஞ்சிருக்கறத இன்ஜினியருங்க நாங்க புள்ளிக்கோட்டுலதான் போடுவோம். போடலேன்னா மார்க் போயிடும்.”

“நீ அதப் பாத்தியா?”

“பாக்கணுமா என்ன? கால் இல்லாம நாற்காலி எப்படி நிக்கும்?”

“எந்திரிச்சுப் போய்த்தான் பாரேன், தாயே.”

போர்வையைத் தூக்கினாள். காலே இல்லை. அதை அறுத்துவிட்டு, பெயின்ட் டப்பாக்களை அடுக்கி முட்டுக்கொடுத்திருந்தார்கள். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“இது ஏமாத்து வேலை!”

“கால் இருக்குன்னு நானா சொன்னேன்?”

“அப்போ டப்பாவப் புள்ளிக்கோட்டுல போடவா?”

“உன் எடத்துலேருந்து தெரியுதா?”

“தெரியல.”

“அப்புறம்?”

திரும்பி வந்து அந்தக் காலை அழித்தாள். இப்போது நாற்காலி கவிழ்ந்துவிடும்போல் இருந்தது. போட்டால் பொய், போடாவிட்டால் அரைகுறை. இத்தனை வருடம் படித்ததில் எதுதான் சரி என்று புரியாமல் விழித்தாள்.

திடீரென்று ஒன்று நினைவுக்கு வந்தது. எதிர்த்தெரு நூலகத்துக்கு, சக்கர நாற்காலிகள் ஏற, அவள் குழு ஒரு சரிவுப்பாதை வடிவமைத்திருந்தது. அடியில் வரும் போல்ட்டுகளைப் புள்ளிக்கோட்டில் போட்டவள் அவள்தான். சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவளும் அவள்தான். பட்டறைக்காரர்கள் மாட்டிவிட்டுப் போனபின் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.

எழுந்து மேல்கோட்டை மாட்டிக்கொண்டாள்.

“முடிக்காமப் போனா பெயிலு, டெஸ்.”

“தெரியும். இல்ல... எனக்கு ஒண்ணும் தெரியல, ஓடெட்.”

நூலக வாசலில், உருகிய பனிச்சேற்றில் மல்லாந்து படுத்து, சரிவுப்பாதைக்கு அடியில் நுழைந்தாள். கைப்பேசி வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். போல்ட்டுகள் எல்லாம் இருந்தன, வரைந்த இடத்திலேயே, இறுக்கமாக.

தலைக்குமேல் ஒரு சக்கர நாற்காலி கடகடவென்று ஏறிப் போனது. இந்நேரம் வகுப்பு முடிந்திருக்கும். நிம்மதி வந்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது, எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை.