பச்சை மணிக்கு நிகழ்தகவு

திருத்துறைப்பூண்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகும் கணக்கு டீச்சர் ஷோபனா, இந்தப் பள்ளிக்கு மாற்றலாகி வந்து அதிக நாள் ஆகவில்லை. பத்தாம் வகுப்புக்கு நிகழ்தகவு நடத்துவதற்காகப் பழைய ரவிக்கைத் துணியில் அவளே ஒரு பை தைத்து, சிவப்பு மணிகளையும் வெள்ளை மணிகளையும் போட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து, பார்க்காமல் ஒரு மணியை எடுத்துக் காட்டிவிட்டுத் திரும்பப் போட்டார்கள். வெளியே தூறல். நடவு வயல்களில் ஆளில்லை. "சரி, பச்சை மணி வர்றதுக்கு?" என்று ஷோபனா கேட்டாள். வகுப்பே பூஜ்யம் என்றது. இயலா நிகழ்ச்சி என்று எழுதப் பலகைப் பக்கம் திரும்பினாள்.

அடுத்து வந்தவள் செந்தாமரை. அதிகம் பேசாத பெண். உள்ளே விட்ட கையை வெகுநேரம் எடுக்கவில்லை. எடுத்தபோது விரலிடுக்கில் பச்சை மணி இருந்தது. அதன் துளையில் சேறு அடைத்திருந்தது.

யாரோ விளையாடுகிறார்கள் என்று ஷோபனாவுக்குக் கோபம். எங்கிருந்து வந்தது என்று அதட்டினாள்.

"உள்ளேருந்து கையில குடுத்துச்சு டீச்சர். என் தங்கச்சி மணி."

முன்பெஞ்சு எழில்மொழிதான் தாழ்ந்த குரலில் விவரம் சொன்னாள். போன வருஷம் ஆற்றில் தண்ணீர் விட்டபோது, பள்ளிக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் செந்தாமரையின் தங்கை மூழ்கிப் போனாள். கழுத்தில் கிடந்த பச்சைமணி மாலை கிடைக்கவேயில்லை.

ஷோபனா பையை மேசைமேல் கவிழ்த்தாள். சிவப்பும் வெள்ளையும்தான் உருண்டன. வெறும் பைக்குள் கையை விட்டாள். துணி முடிய வேண்டிய இடத்தில் துணி இல்லை. குளிர்ந்த தண்ணீர் மணிக்கட்டைச் சூழ்ந்தது. சின்ன விரல்கள் அவள் உள்ளங்கையைத் தடவிப் பார்த்தன. தேடி வந்த கை இதில்லை என்று தெரிந்ததுபோல் விலகிக்கொண்டன.

வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். பையை ஜன்னல் வழியே வீசிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. செந்தாமரை அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் கொஞ்ச நேரம், டீச்சர்."

ஷோபனா பையை அவளிடம் கொடுத்துத் தன் நாற்காலியிலேயே உட்காரச் சொன்னாள். மற்றவர்களைப் பயிற்சிக் கணக்கு போடச் சொன்னாள். ஒருவரும் தலை நிமிரவில்லை. பச்சை மணிக்கான விடையை ஷோபனா கடைசிவரை பலகையில் எழுதவில்லை.

பெல் அடித்ததும் செந்தாமரை கையை வெளியே எடுத்தாள். நெடுநேரம் ஊறியதுபோல் விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. பை மட்டும் காய்ந்தே இருந்தது.

"நாளைக்கும் கொண்டாருவீங்களா?"

ஷோபனா சரியென்று தலையாட்டினாள். சாயங்காலம் பஸ்ஸில், பையின் வாயை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடியே ஊர்வரை உட்கார்ந்திருந்தாள்.