தட்டிலேயே ஒழிந்த புற்றுநோய்

ஆய்வுக்கூடத்தில் இயக்குநருக்கு வைத்திருந்த பெயர் 'மைக்'. ஒலிவாங்கியைக் கண்டால் தொண்டையைக் கனைக்காமல் தாண்டமாட்டார். காட்டுக் காளானிலிருந்து பிரித்தெடுத்த வேதிப்பொருள் ஒன்று, கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுநோய்ச் செல்களைக் கொன்றதும் நிருபர்களைக் கூட்டிவிட்டார். தலைப்பும் அவரே கொடுத்தார்: 'தட்டிலேயே ஒழிந்தது புற்றுநோய்!'

"சார், கண்ணாடித் தட்டுன்னாவது போடுங்க. அதுல பினாயில் ஊத்தினாலும்தான் செல் சாகும்," என்றாள், அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தவள்.

"பினாயிலுக்கு யாரும்மா மாலை போடுவாங்க? ஜனங்களுக்குப் புரியணும்."

புரிந்தது. அவளுடைய அக்காள் புருஷனுக்கு நன்றாகவே புரிந்தது.

அக்காளுக்குக் கல்லீரலில் புற்று. மருத்துவமனை கைவிரித்து வீட்டுக்கு அனுப்பியிருந்தது. மறுநாள் மாலை இவள் போனபோது அத்தான் முழங்கால்வரை சேறோடு அடுப்படியிலிருந்து வந்தார். கையில் எவர்சில்வர் தட்டு, வதக்கிய காளான்.

"வாம்மா மச்சினி! உங்க மருந்துதான். காடு பூரா அலைஞ்சு பறிச்சேன்."

"ஐயோ அத்தான், அது சாப்பாட்டுத் தட்டு இல்ல! இது என்ன காளான்? நல்ல கல்லீரலையே தின்னுடற காளானெல்லாம் இருக்கு."

"பேப்பர்ல வந்த போட்டோ மாதிரியே இருந்துச்சே."

"அதுல முக்கால்வாசி எங்க சார் மூஞ்சிதானே இருந்துச்சு!"

அத்தான் சிரிக்கவில்லை. அவள் கைப்பேசியில் இயக்குநர் 'மைக்'கைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தாள். "சார், சாப்பிடக் கூடாதுன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க."

"சாப்பிடச் சொல்லி நான் எப்பம்மா சொன்னேன்? வேண்டாம்னு சொல்லி நம்பிக்கையைக் கெடுக்கவும் மாட்டேன். இயற்கையின் மகத்துவம் என்பது..."

அவள் இணைப்பைத் துண்டித்தாள். அதற்குள் தலையணையில் சாய்ந்திருந்த அக்காள் கரண்டியை எடுத்துவிட்டிருந்தாள்.

"நீ கண்டுபிடிச்சதுதானேடி?"

"ஆமாக்கா."

"அப்புறம் என்ன?"

இவள் தட்டைப் பிடுங்கிக் குப்பைக்கூடையில் கவிழ்த்தாள். அத்தான் கத்துவார் என்று பார்த்தாள். கத்தவில்லை. சட்டையில் தெறித்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டார்.

"சரிம்மா, இது வேண்டாம். நீ படிச்ச பொண்ணு. வேற என்ன குடுக்கட்டும், சொல்லு."

அவளுடைய மருந்து இன்னும் ஓர் எலியைக்கூடத் தொட்டதில்லை. அது மனுஷியிடம் வந்து சேர எத்தனை வருஷமோ. அக்காள் கரண்டியைக் கீழே வைக்காமல் இவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இவள் காலித் தட்டைக் கழுவப் போனாள். கழுவிக்கொண்டே இருந்தாள்.