வழிமொழிந்தவர்: தம்புசாமி

கூட்டம் என்று பேர்தான், ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்ப்பதில்லை, எல்லாத் தலையும் கைத்தொலைபேசியில் கவிழ்ந்து கிடக்கிறது, முன்னால் ஆள் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்வரிசையில் ஒருவன் பந்து விளையாட்டு பார்த்துச் சிரிக்கிறான், இன்னொருவன் சாப்பிட மீ கோரேங் பொட்டலம் வந்துவிட்டதா என்று வாசலையே முறைக்கிறான்... முன்பெல்லாம் சண்டையாவது போடுவார்கள், நாற்காலி பறக்கும், இப்போது சண்டை போடவும் எவனுக்கும் வேகமில்லை... தம்புசாமி முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். கிள்ளானில் கடைவீட்டு மாடி, ஞாயிற்றுக்கிழமை காலை, கட்சிக் கிளையின் ஆண்டுக் கூட்டம். பதினெட்டு வருஷத் தலைவர் சுகுமாறன் நடுவில், பக்கத்தில் செயலாளர் வாசு, கையில் காகிதக் கட்டு. நேற்றே தட்டச்சு செய்த காகிதம். கூட்டம் நடக்கும் முன்பே கூட்டத்தில் நடந்ததை எழுதிவிடுவது இந்தக் கிளையின் வழக்கம். முன்மொழிந்தவர் யார் என்பது மாறும், அதற்குக் கீழே மட்டும் எப்போதும் ஒரே பேர், வழிமொழிந்தவர்: தம்புசாமி. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் யாரும் கை தூக்காத ஒரு கூட்டத்தில் பாவமே என்று இவர் தூக்கினார், அன்று பிடித்த வழக்கம். மூன்றாம் வகுப்போடு நின்றவன் பேர் அச்சில் வருகிறது என்று வீட்டில் மனைவியிடம் காட்டினாரே, அவள்கூடக் கேட்டாளே, எதுக்குங்க வழிமொழிஞ்சீங்க என்று... என்ன பதில் சொன்னார்? ஞாபகமில்லை.

வாசு மூன்றாவது தீர்மானத்தைப் படித்தான், ரயில் போகிற வேகத்தில். தலைமையகத்திலிருந்து வந்த சட்டவிதித் திருத்தம், எல்லாக் கிளையும் ஆதரித்து அனுப்ப வேண்டுமாம். அதில் 'ஐந்தாண்டு' என்ற ஒரு சொல் மட்டும் தம்புசாமியின் காதில் நின்றது. முன்வரிசையில் மலர்விழியின் கழுத்து விறைத்ததைப் பார்த்தார். போர்ட் கிள்ளானில் லோரி கம்பெனி ஒன்றில் குமாஸ்தா, செயலவைக்கு வந்து இரண்டே வருஷம், அடுத்த மாதத் தேர்தலில் சுகுமாறனை எதிர்த்து நிற்பேன் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டவள். நல்லவளா? யார் கண்டது. பதவிக்கு வருகிறவரைக்கும் எல்லாரும் நல்லவர்கள்தான், சுகுமாறனும் அப்படித்தான் வந்தான்... "முன்மொழிந்தாச்சு. வழிமொழிய நம்ம தம்புசாமி அண்ணே, வழக்கம்போல," என்றார் சுகுமாறன், இவர் பக்கம் பார்க்காமலே. வழிமொழிகிறேன் என்று வாய்வரை வந்துவிட்டது, பழகின நாக்கு... அப்போதுதான் இராமலிங்கம் நினைவில் குறுக்கே வந்து நின்றான், செத்து எட்டு மாதம் ஆனவன், வெள்ளைச் சட்டைப்பையில் மடித்த காகிதத்தோடு.

பழைய கூட்டம் ஒன்று, அதுவும் இப்படித்தான், இதே மாடி, ஒரு விதி, கட்சி விஷயத்தை வெளியே பேசினால் உறுப்பியம் ரத்து. தம்புசாமி வழிமொழிந்தார். மறு வருஷம் நம் ஆட்கள் குடியிருந்த கம்பத்து வீடுகளை உடைத்தபோது தலைவர் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை என்று இராமலிங்கம் பத்திரிகைக்காரனிடம் சொன்னான், உண்மையைத்தான் சொன்னான், நீக்கிவிட்டார்கள். இருவரும் ஒரே லோரியில் இருபது வருஷம், அவன் ஓட்டுவான், இவர் சாமான் இறக்குவார். அவன் நீக்கல் கடிதத்தோடு தீர்மான நகலையும் கொண்டுவந்து, "தம்பு, இதுல உன் பேரு இருக்கு, படிச்சியாடா?" என்றான். கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். "அது சும்மா பார்மாலிட்டி லா, நான் சொல்லாட்டியும் பாஸாகியிருக்கும்" என்றார் இவர். காகிதத்தை நாலாக மடித்துக்கொண்டு போனான். பிறகு செந்தூலில் மகன் வீட்டோடு போய்விட்டான், சாவுக்குத்தான் இவர் போனார், அங்கே யாரிடம் என்ன சொல்வது...

"என்னண்ணே, தூங்கிட்டீங்களா?" சுகுமாறன் கேட்டதும் சிரிப்பு.

"வாசு, அதைத் திரும்பப் படி. மெதுவா."

"தலைமையகம் பார்த்து அனுப்பினதுதான் லா, அண்ணே."

"தலைமையகத்தையா வழிமொழியச் சொல்றே? என்னைத்தானே? படி."

படித்தான். செயலவையில் தொடர்ந்து ஐந்தாண்டு இருந்தவர் மட்டுமே கிளைத் தலைவர் பதவிக்குப் போட்டியிடலாம்.

"அப்போ இந்தப் பொண்ணு நிக்க முடியாது, அதானே?"

"ஒரு ஆளை மனசுல வச்சுப் போட்ட விதி இல்லண்ணே, எல்லாருக்கும் பொது," என்று சுகுமாறன் சிரித்தார்.

"நான் வழிமொழியல."

"அண்ணே, டைப் பண்ணியாச்சு, உங்க பேரு போட்டாச்சு..."

"அடிச்சிடு."

முன்வரிசையில் நாலு தலை திரும்பியது. ஒரு நொடி... அவ்வளவுதான். பந்து விளையாட்டு பார்த்தவன் தலையைத் தூக்காமலே, "ஓகே லா, நான் வழிமொழியிறேன், சாப்பாடு ஆறிப்போவுது" என்றான். கைகள் உயர்ந்தன. ஆதரவு முப்பத்தொன்று. எதிர்ப்பு இரண்டு, மலர்விழியும் இவரும். அடுத்த தீர்மானத்துக்குப் போய்விட்டார்கள்.

ஆக, இராமலிங்கத்திடம் சொன்னது பொய்யில்லை, இவர் சொல்லாவிட்டாலும் பாஸாகத்தான் செய்கிறது, கண்ணால் பார்த்தாயிற்று. பாரம் குறைய வேண்டுமே, ஏன் குறையவில்லை? எவ்வளவு நேரம் ஆயிற்று, அரை நிமிஷம், நாலு வார்த்தை, யாரும் அடிக்கவில்லை, வாசு பேனாவை எடுத்துப் பேரை அடித்தான், முடிந்தது. இவ்வளவு லேசானதா அது? இந்த லேசானதைச் செய்யாமலா இராமலிங்கத்தை வெளியே அனுப்பினோம்? அன்றைக்கும் அவனை நீக்கித்தான் இருப்பார்கள், ஆனால் அந்தக் காகிதத்தில் இவர் பேர் இருந்திருக்காது, அவன் அதை மடித்திருக்க மாட்டான்... பொட்டலம் வாங்காமல் எழுந்தார்.

மலர்விழி படியில் ஓடிவந்து பிடித்தாள். "அங்கிள், ரொம்ப தேங்க்ஸ். இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க, தலைமையகத்துக்கு ஆட்சேபக் கடிதம், இன்னைக்கே அனுப்பணும்." காகிதம், பேனா, இரண்டையும் நீட்டினாள். தம்புசாமி கண்ணாடியைப் போட்டு எழுத்துக்கூட்டினார். கூட்டத்தில்... விதிகள்... மீறி... நிறைவேற்றப்பட்ட தீர்மானத்தை, கீழே கையெழுத்திட்ட நாங்கள் மனமுவந்து... முத்து முத்தான தட்டச்சு.

"எப்ப அடிச்சே இதை?"

"நேத்தே ரெடி பண்ணிட்டேன் அங்கிள். எப்படியும் பாஸ் பண்ணிடுவாங்கன்னு தெரியும்ல."

"மனமுவந்துன்னு போட்டிருக்கே. யாரு மனசு?"

"ஐயோ அங்கிள், எல்லாக் கடிதத்துலயும் அப்படித்தான் எழுதுவாங்க. சும்மா ஒரு பார்மாலிட்டி."

அவள் கண் பொய் சொல்லவில்லை. கலங்கியும் இருந்தது. கடிதம் சரியான கடிதம்தான், இரண்டாவது கை இல்லாமல் ஒருத்தியின் புலம்பல் என்று குப்பையில் போடுவார்கள், அதுவும் இவருக்குத் தெரிந்தது. பேனாவைத் திருப்பித் தந்தார். "வீட்டுல போய் யோசிச்சுச் சொல்றேன்மா."

"இன்னைக்கே அனுப்பணும் அங்கிள்..."

காகிதத்தை மடிக்காமல் அவள் கையிலேயே வைத்துவிட்டு இறங்கினார். தெருவில் வெயில், லோரிகள், ரயில் நிலையத்துக்குப் பத்து நிமிஷ நடை. அவளை இராமலிங்கத்தோடு சேர்ப்பதா, சுகுமாறனோடு சேர்ப்பதா... போட்டிருக்கலாமோ? முதல் தடவை படிக்காமல் போட்டது தப்பு, சரி, இந்தத் தடவை படித்தும் போடாமல் வந்தது என்ன? பின்னால் யாரோ அங்கிள் என்று கூப்பிட்டதுபோல் இருந்தது. இந்த ஊரில் எல்லாக் கிழவனும் அங்கிள்தான் என்று அவர் நடந்துகொண்டே இருந்தார்.