வழுக்காத அமாவாசை

ஆடி அமாவாசைக்கு மூன்று வாரம் இருக்கையில் கனடாவிலிருந்து கரமனைக்கு ஒரு பார்சல் வந்து சேர்ந்தது. சிவதாணு பிள்ளை எதிர்பார்த்ததென்னவோ மகனை.

போன வருஷம் ஆற்றுப் படித்துறையில் அப்பாவுக்குத் தர்ப்பணம் செய்துவிட்டு ஏறும்போது, பாசி வழுக்கி மூன்று படி சறுக்கி, இடுப்பளவுத் தண்ணீரில் போய் உட்கார்ந்தார். பெரிய அடி ஒன்றுமில்லை. ஆனால் செக்‌ஷன் ஆபீசராக ரிட்டயர் ஆன மனுஷன், கைக்கு வந்த சம்பவத்தை வீணாக்குவாரா? மூன்று படியைப் பதினொன்றாக்கி மகன் வினய்க்குப் போனில் சொன்னார். "கையைப் பிடிச்சு இறக்க ஒரு ஆளு வேணும் மக்கா. அடுத்த ஆடி வாவு அமாவாசைக்கு நீ வந்திரு." மாதம் தவறாமல் ரிமைண்டரும் போட்டார். மகன் ஊர்ப் பக்கம் வந்து ஆறு வருஷம். 'உன்னைப் பார்க்கணும் போல இருக்கு' என்று பெற்ற பிள்ளையிடம் கேட்டால் கௌரவம் என்னாவது? அதனால் பாசியைச் சாக்கிட்டுக் கேட்டார்.

மகன் மகா கெட்டிக்காரன். படி வழுக்கினால் படிக்குத்தானே வைத்தியம் பார்க்கணும்? பெட்டிக்குள் இரண்டு ரப்பர் வளையம், அடியில் பத்துப் பத்து இரும்பு முள். அங்கே பனிக்கட்டியில் நடக்கிறவர்கள் பூட்ஸுக்கு மேலே மாட்டிக்கொள்வார்களாம்.

"பிள்ளைக்கு உங்க மேலே எம்புட்டுக் கரிசனம், பாத்தேளா!" என்று மனைவி பகவதியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சிவதாணு பெட்டியை மூடி ஓரமாகத் தள்ளினார். இருந்தாலும் ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. தர்ப்பணத்துக்குச் செருப்புக்காலோடு இறங்க முடியுமா? வாத்தியார் 'ஆகாது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், 'சாஸ்திரம் சம்மதிக்கலை, நீதான் வரணும்' என்று அன்றைக்கே மகனிடம் சொல்லிவிடலாம்.

வலியசாலை வெங்கிடேஷ் வாத்தியார் லேசுப்பட்டவரல்ல. எள்ளில் கல் கிடந்தது என்று ஒரு குடும்பத்தையே திருப்பி அனுப்பியவர். அவர் முள்வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தோல் இருக்கோ?"

"இல்லை சாமி, ரப்பர்."

"அப்போ செருப்பில்லை. பாதம் பாதி வெறுங்காலாத்தானே இருக்கு? அது மதி, அவ்வளவு போதும் பிள்ளைவாள். தாராளமாப் போட்டுக்கோங்கோ." பிறகு குரலைத் தாழ்த்தினார். "என் அளவுக்கு ஒண்ணு வரவழைக்க முடியுமோ? நானும் ரெண்டு தரம் விழுந்தாச்சு."

இத்தனை காலம் எதற்கும் வளையாத சாஸ்திரம், ரப்பரைக் கண்டதும் எப்படி வளைந்தது பார்த்தீர்களா!

அமாவாசையும் வந்தது. பூட்ஸ் அளவு வளையம் வெறுங்காலில் தொளதொளவென்று கிடந்தது. சிவதாணுவுக்கு ஒரே சந்தோஷம். பகவதியம்மாள் விடுவாளா? பழைய வேட்டியைக் கிழித்து இறுக்கிக் கட்டிவிட்டாள். நோகாமல் ஒரு சின்ன வழுக்கலாவது வாய்க்காதா என்று வேண்டிக்கொண்டே அவர் இறங்கினார். பாழாய்ப்போன முள், பாசியைக் கவ்விக் கவ்விப் பிடித்தது. பக்கத்தில் ஒருவர் தொப்பென்று உட்கார்ந்தார், இவர் அசையவில்லை. தர்ப்பணத்தை முடித்து, ஒருவர் கையையும் பிடிக்காமல் ஏறி வந்தார். அவர் மேலே வருமுன்பே பகவதியம்மாள் வீடியோ எடுத்துக் கனடாவுக்கு அனுப்பியாயிற்று.

உடனே மகன் கூப்பிட்டான்.

"அப்பா, கலக்கீட்டீங்க! விழுந்திருவீங்களோன்னு நான் பேடிச்சுட்டே இருந்தேன். இது சரியாகலேன்னா ஓணத்துக்கு வந்து ஒரு மாசம் உங்க கூட நின்னுட்டுப் போகலாம்னு டிக்கெட் போட்டு வச்சிருந்தேன். இனி கேன்சல் பண்ணிரலாம், அல்லே?"

சிவதாணு வாயைத் திறந்தார். 'வா' என்பது ஒரே எழுத்துதான். முப்பத்திரண்டு வருஷம் பக்கம் பக்கமாக நோட் எழுதிய மனுஷனுக்கு அந்த ஒரு எழுத்து வரவில்லை.

"ஆமா மக்கா," என்றார். "வீணா எதுக்கு அலைச்சல்?"

போனை மனைவியிடம் நீட்டிவிட்டு மேல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்னாச்சு? முள்ளு குத்திட்டா?" என்று பகவதியம்மாள் பதறினாள்.

"விழுந்திருக்கணும் பகவதி," என்றார். "ஒரு தரமாவது ஒழுங்கா விழுந்திருக்கணும்."