நடுப்பக்கத்துத் திருடன்

மகன் விளையாட்டுப் பத்திரிகையில் வந்ததில் தெய்வசிகாமணிக்குப் பெருமைதான். சட்டையில்லாமல் வந்துவிட்டானே என்றுதான் நெஞ்சு காந்தியது. அதுவும் நடுப்பக்கத்தில், இரண்டு பக்கமும் சேர்த்து. தொடை தெரியும் கால்சட்டை, மார்பெல்லாம் எண்ணெய் மினுமினுப்பு, முழங்கால் நீரில் நின்று தூக்கிப் பிடித்த வலை. கோட்டைக்குப்பத்தில் ஆம்பிளைகள் வெறும் உடம்போடு திரிவது ஊரறிந்தது. ஆனால் எவனும் அதற்கென்று எண்ணெய் பூசிக்கொண்டு நின்றது கிடையாது.

"இன்னாடா இது, வறுக்கப் போற மீனாட்டம்?"

"உடம்பத்தான் நைனா காட்டுவாங்க. அதுக்குத்தான பத்திரிகையே" என்றான் தமிழ்வாணன். துடுப்புப் படகுப் போட்டியில் மாநில அணி வீரன். ஆறாம் வகுப்பிலிருந்து சென்னை விளையாட்டு விடுதியில் வளர்ந்தவன்.

அவர் பத்திரிகையை டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். மறுநாளே பொன்னேரி பஸ் நிலையத்திலிருந்து அதே ஊர் மீனவன் லோகநாதன் இன்னொன்று வாங்கி வந்துவிட்டான். அவன் உடம்பைப் பார்க்கவே இல்லை. பின்னால் தெரிந்த தண்ணீரைப் பார்த்தான்.

முகத்துவாரத்தை ஒட்டிய நீரில் எந்த நாளில் எந்த வகையறா, அதாவது எந்தப் பங்காளிக் கூட்டம், வலை போடலாம் என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். அடுத்தவன் பாட்டில் வலையை நனைத்தால் அது திருட்டு. படத்தின் கீழே, 'பன்னிரண்டாம் தேதி காலை, மீன்பிடிப்பில் வீரர்' என்று அச்சாகியிருந்தது. பன்னிரண்டாம் தேதி லோகநாதன் வகையறாவின் பாடு. அன்றைக்கு அவர்கள் கூண்டோடு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள்.

சாயங்காலம் கோயில் முன்னால் பஞ்சாயத்து கூடியது. பதினெட்டு வருஷமாக உட்கார்ந்து தீர்ப்பு சொன்ன இடத்தில் தெய்வசிகாமணி முதல்முறையாக நின்றார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, முதுகில் ஒரு வளைவு இல்லை.

"நாங்க கல்யாணத்துல இருக்க சொல்லோ உள்ள பூந்துட்டான் மாமா உன் புள்ள" என்றான் லோகநாதன்.

"போட்டோவுக்கு நின்னான்டா. குடு அத, நானே காட்டறேன்."

பத்திரிகையை வாங்கி விரித்தார். உடம்பைப் பார்த்த கோபத்தில் அதுவரை அவர் வலையைக் கவனித்திருக்கவில்லை. இப்போது கவனித்தார். ஈயக்குண்டு கோத்த கயிறு மேலே, மகன் கையில் இருந்தது. மிதவைகள் கீழே தண்ணீரில் அலைந்துகொண்டிருந்தன. வலையைத் தலைகீழாகப் பிடித்திருந்தான்.

அதைச் சொன்னால் போதும், வழக்கு அந்த நிமிஷமே முடிந்துவிடும். அவருடைய தாத்தாவே இரண்டு தடவை அடுத்தவன் பாட்டில் மாட்டியவர். ரத்தச் சூடு என்று ஊர் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்கிறது. ஆனால் வலையைத் தலைகீழாகப் பிடித்தவன் என்று அந்த வகையறாவில் இதுவரை ஒருத்தனும் இல்லை. அவருடைய கட்டைவிரல் தானாக நகர்ந்து ஈயக்குண்டுகளை மறைத்தது.

"திருடினான்" என்றார்.

"நைனா!" என்று அலறினான் தமிழ்வாணன்.

"வாய மூடு."

தலைவர் குப்பனுக்கே மனசு கேட்கவில்லை. "இரு சிகாமணி. மீனக் கண்ணால பாத்தவன் யாரும் இல்ல. புள்ள சும்மா போஸ் குடுத்திருப்பான்."

"போஸா? இந்தத் தோளைப் பாரு குப்பா!" விரலை எடுக்காமலே பத்திரிகையை உயர்த்திக் காட்டினார். "சும்மா நிக்கறவனுக்குத் தோளு இப்டி தெரண்டு நிக்குமா? இந்த நரம்பப் பாரு, முழங்கையிலேந்து மணிக்கட்டு வரைக்கும். வலையில கனம் இல்லாமயா இப்டி பொடைக்குது? வயித்தப் பாரு, ஆறு கட்டு! தொட ரெண்டும் எப்டி ஊனிக்கினு நிக்குது பாரு!"

பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் மனைவி செல்வம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

"அப்ப முப்பது கிலோ எறா இருக்கும்" என்றது ஒரு குரல்.

"நாப்பது" என்றார் தெய்வசிகாமணி.

லோகநாதனுக்கு இப்போதுதான் நிஜமாகவே வயிறு எரிந்தது. "நாப்பதா! கட்டவிரல எடு மாமா, நல்லா பாக்கணும்."

"எடுக்க மாட்டேன்."

"ஏன்?"

"எம்புள்ள ஒடம்புல இன்னும் இன்னாடா பாக்கணும் உனுக்கு? வெக்கமா இல்ல?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். லோகநாதன் கூசிப்போய் உட்கார்ந்தான்.

தெய்வசிகாமணி வகையறா தங்கள் அடுத்த முறையில் முகத்துவாரத்தில் வலை போடக் கூடாது என்று தீர்ப்பானது. "சரி" என்று ஒரே வார்த்தையில் ஏற்றுக்கொண்டார். பத்திரிகையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நிமிர்ந்து நடந்தார்.

தமிழ்வாணன் பின்னாலேயே ஓடிவந்தான். "ஒரு எறா கூட நான் புடிக்கல நைனா. ஏன் பொய் சொன்ன?"

அவர் நின்றார். முன்னும் பின்னும் ஆள் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பக்கத்தைப் பிரித்து ஈயக்குண்டுகளின்மேல் விரல் வைத்தார்.

"இதுவா? போட்டோகிராபர்தான் அந்தப் பக்கம் மேல வரட்டும்னாரு. குண்டு வெயில்ல பளபளன்னு இருக்குதாம்" என்றான் மகன்.

தெய்வசிகாமணி கண்ணை மூடித் திறந்தார். நாலடி நடந்தார்.

"தோளாவது நல்லா வந்திருக்குதா நைனா?"

"நல்லாத்தான் வந்துக்கீது. அது மட்டும் இல்லன்னா, உன்னப் போயி ஒருத்தனும் திருடன்னு நம்பியிருக்க மாட்டான்."