இரண்டு மடங்கு வேகம்

துணிக்கடையின் பின்னறையில், பிரிக்காத சட்டைப் பெட்டிகளுக்கு நடுவே தங்கை கணினி முன் உட்கார்ந்திருந்தாள். ஒரு கேமரா அவள் முகத்தைப் பார்த்தது, இன்னொன்று மவுஸ் பிடித்த கையை. திரையின் மூலையில், வீடியோ அழைப்பில், போட்டி நடுவர். சிரிப்பை எங்கோ அடகு வைத்துவிட்டு வந்த முகம்.

கணினியில் ஆடும் துப்பாக்கிச் சண்டைப் போட்டி அது. முந்தைய சுற்றில் அவள் சுட்டதெல்லாம் எதிரியின் தலையிலேயே பட்டது. மனுஷக் கையால் இப்படி முடியாது, தானாகக் குறிபார்க்கும் திருட்டு மென்பொருள் வைத்திருக்கிறாள் என்று தோற்ற அணி புகார் கொடுத்துவிட்டது. அப்படி எதுவும் இல்லை என்று இப்போதே காட்ட வேண்டும். முடியாவிட்டால் சாயங்காலம் நடக்கும் இறுதி ஆட்டத்தில் அவள் இல்லை. இனி எந்த ஆட்டத்திலும் இல்லை.

கடை முதலாளியான அண்ணன் கேமராவில் படாமல் ஓரமாக நின்றான். கறைபட்ட பக்கத்தை உள்ளே மடித்தே துணி விற்றுப் பழகியவன். ஒன்றுகூடத் தவறவிடாதே என்று காலையிலிருந்து அவள் உயிரை எடுத்துக்கொண்டிருந்தான்.

பயிற்சித் திரையில் அவள் சுடவேண்டிய புள்ளிகள் முளைத்தன. முளைத்த வேகத்திலேயே வெடித்தன. ஒன்றும் தப்பவில்லை. கடை வாசலில் ஒரு பேருந்துக் கூட்டமே வந்து இறங்கியதுபோல அண்ணன் முகம் மலர்ந்தது. தங்கை நடுவரைக் கவனித்தாள். புள்ளி வெடிக்க வெடிக்க அவர் முகம் இறுகிக்கொண்டே போனது.

"போதும். மவுஸ் வேகத்த ரெண்டு மடங்காக்குங்க."

அவள் மணிக்கட்டுக்குத் தெரிந்தது ஒரே வேகம்தான். கொஞ்சம் பழகிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். பழகக் கூடாது என்பதற்காகத்தான் மாற்றச் சொன்னேன் என்றார்.

முதல் புள்ளி. குறி அதைத் தாண்டி ஓடியது. அடுத்ததையும் தாண்டியது. திருத்தப்போய் புள்ளிக்கு முன்னாலேயே நின்றது. கை வியர்த்தது. அண்ணன் மெல்லக் குனிந்து சுவரிலிருந்த கணினி பிளக்கில் கை வைத்தான். கரண்ட் போய்விட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

"தொடாத, அண்ணா," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நடுவர் நிமிர்ந்தார். "பக்கத்துல யாரு?"

"எங்க அண்ணன்."

"என்ன பண்றாரு?"

"பயப்படறாரு."

"கேமரா முன்னாடி வரச் சொல்லுங்க. ரெண்டு கையும் தெரியணும்."

பிடிபட்ட திருடன்போல அண்ணன் கைகளைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் வந்து நின்றான். புள்ளிகள் தப்பிக்கொண்டே இருந்தன. அவள் பல்லைக் கடித்தாள். இழுப்பைக் குறைத்தாள். ஒன்று உரசியது. ஒன்று வெடித்தது. மறுபடி தப்பியது. பிறகு இரண்டு சேர்ந்தாற்போல் வெடித்தன.

"நிறுத்துங்க," என்றார் நடுவர். "மென்பொருளா இருந்தா வேகம் மாறினாலும் குறி தவறியிருக்காது. இப்படித் தடுமாறினது உங்க கைதான். சாயங்காலம் ஆடுங்க."

அழைப்பைத் துண்டித்தார். அண்ணன் இன்னும் கையை இறக்கவில்லை. அவள் பழைய வேகத்தை வைத்து ஒரு புள்ளியைச் சுட்டாள். தவறியது. கை குழம்பிவிட்டது.

"இப்ப என்ன ஆச்சு?" என்று கேட்டான்.

"உன் மூச்சு கழுத்துல படுது. கடைக்குப் போ."

அவன் போனான். அவள் விரல்களை உதறிக்கொண்டு அடுத்த புள்ளிக்குக் காத்திருந்தாள்.